அத்திவாரம் இல்லாத வீடு

சென்ற கிழமை புவியியற் பாடவேளையில் மேற்கிந்திய தீவுகளைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தோம். காற்று வீசும் திசை, மழைவீழ்ச்சி, கரும்பு விளையும் பிரதேசம் என்றிவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதி முடித்தபின், மாணவரின் சோர்வை நீக்கும்பொருட்டுப் பழைய நூலொன்றிலிருந்த படமொன்றைக் காட்டினோம். பார்படோஸ் தீவிலுள்ள சிறிய மரவீடு அது. நடுவிலே ஒரு கதவு. அதன் இருமருங்கும் ஒவ்வொரு யன்னல். மேலே செங்குத்தான கூரை. சிறு பிள்ளைகளிடம் வீடு கீறும்படி சொன்னால் எதனைக் கீறுவார்களோ அதுவே அது. முன்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் படத்தை வாங்கிக் கூர்ந்து நோக்கினான். அவன் தந்தை மேசன் வேலை செய்பவர். "சேர், இந்த வீட்டுக்கு அத்திவாரம் இல்லையே. நாலைஞ்சு கல்லுக்கு மேலே சும்மா தூக்கி வைச்சிருக்கு" என்றான்.

வகுப்பிலே சிரிப்பொலி எழுந்தது. ஆனால் அப்பிள்ளை கண்டுபிடித்தது சிறிய விடயமன்று. அவ்வீட்டின் முழுச் சரித்திரமும் அந்த நாலைந்து கற்களுக்குக் கீழேதான் கிடக்கின்றது. அதனை எடுத்துச் சொல்ல நாம் தொடங்கியபொழுது மணியடித்துவிட்டது. வகுப்பிற் சொல்லாது விட்டதை இப்பகுதியிற் சொல்லலாம் என்று கருதினோம். காணி வாங்குவதும் வீடு கட்டுவதும் எமது குடும்பங்களில் எவ்வளவு பெரிய காரியங்கள் என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 'வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்' என்ற முதுமொழியை வீட்டுக்கு வீடு சொல்லிப் பெருமூச்சு விடுகின்றோம். கரிபியன் கடலின் தீவுகளிலே வாழும் மக்களுக்கு இக்காரியம் எத்துணை அரிதாயிருந்தது என்பதை அறிந்தால் எமது பெருமூச்சு சிறிது குறையவுங் கூடும்.

பார்படோஸ் மிகச் சிறிய தீவு. பரப்பு 430 சதுரக் கிலோமீற்றர். எமது யாழ்ப்பாணக் குடாநாட்டின் பாதிக்கும் குறைவு. குடாநாட்டைப் போலவே அங்கும் நிலத்தின் அடியிற் பெரும்பாலும் சுண்ணக்கல்லே. ஒப்புமை அத்துடன் முடிகின்றது. யாழ்ப்பாணத்திலே ஏழைக்கும் இரண்டு பரப்புக் காணியாவது இருந்தது என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். பார்படோஸிலோ பதினேழாம் நூற்றாண்டு தொடக்கம் கரும்புத் தோட்டத் துரைமாரே நிலம் முழுவதையும் தம்மதாக்கிக் கொண்டனர். ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்கள் அந்நிலத்தில் அடிமைகளாக உழைத்தனர். 1834 ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி பிரித்தானியப் பேரரசின் பெரும்பகுதியில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. 'பயிலுநர்' என்ற பெயரில் மேலும் நான்காண்டு கட்டாய வேலை வாங்கியபின், 1838 இலே முழு விடுதலை கிடைத்தது. பிரித்தானிய அரசாங்கம் இரண்டு கோடிப் பவுண் நட்டஈடு கொடுத்தது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த எசமானர்களுக்கு. விடுதலை பெற்றவருக்கு ஒரு சதமும் இல்லை. ஒரு சாண் நிலமும் இல்லை.

விடுதலை பெற்ற பார்படோஸ்காரன் எங்கே போவான்? ஏறி ஒளிக்கக் காடு இல்லை. பயிரிடாத மலை இல்லை. தீவு முழுவதும் கரும்பு. ஆகவே, நேற்றுவரை தனக்கு எசமானாயிருந்தவரிடமே சென்று, தோட்டத்தின் ஓரத்திலே, கரும்புக்கு உதவாத கற்றரையிலே, வீடு வைக்க ஒரு துண்டு நிலத்தை வாடகைக்குக் கேட்டான். கொடுத்தனர், அத்தோட்டத்திலேயே வேலை செய்யவேண்டும் என்ற நிபந்தனையுடன் கொடுத்தனர். 1840 இல் இயற்றப்பட்ட சட்டமொன்று அந்நிபந்தனையை மேலும் இறுக்கிக் கட்டியது. வேலைக்கு வர மறுத்தாலோ, துரையுடன் வாய் காட்டினாலோ, சில வாரத் தவணையில் இடத்தைக் காலி செய்யவேண்டும்.

இந்த நிலையில் ஒருவன் எப்படிப்பட்ட வீட்டைக் கட்டுவான்? கல்லாலே கட்டினால் வெளியேறும் நாளில் அது துரைக்குச் சொந்தம். ஆதலால் கழற்றி எடுத்துச் செல்லத்தக்க வீட்டைக் கட்டினான். வட அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பைன் பலகையே அதற்குரிய பொருள். பலகை எந்த நீளத்தில் அறுக்கப்பட்டு வந்ததோ அதற்கேற்பவே வீட்டின் நீள அகலம் அமைந்தது. வெட்டி வீணாக்க அவனிடம் பணம் இல்லை. ஒரு கூரையின் கீழ் இரண்டு சிற்றறைகள். பலகைச் சட்டங்களைத் தனித்தனியே செய்து, மூலைகளிற் பொருத்தி, வேண்டியபோது பிரித்தெடுக்கத் தக்கதாக இணைத்தனர். அத்திவாரம் வெட்டவில்லை. பொறுக்கி வந்த கற்களை மட்டம் பார்த்து அடுக்கி, அவற்றின்மேல் வீட்டை ஏற்றி வைத்தனர். காற்று அடியிலே நுழைந்து தரைப்பலகையைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் என்பது பின்னர் கண்ட நன்மை.

வெளியேற்ற அறிவித்தல் வந்தால் அயலவர் கூடுவர். பலகையைக் கழற்றி வண்டியில் ஏற்றுவர். வேறொரு தோட்டத்தின் ஓரத்தில் வேறு சில கற்கள் அடுக்கப்பட்டிருக்கும். காலையிலே இங்கிருந்த வீடு மாலையிலே அங்கே நிற்கும். அத்தீவின் ஆங்கிலத்தில் இவ்வகை வீட்டுக்கு வழங்கும் பெயரே 'அசையும் பொருள் வீடு' என்னும் கருத்துடையது. அசையும் பொருள், அசையாப் பொருள் என்று நியாயவாதிகள் சொத்தை இரண்டாக வகுப்பர். மேசை, கதிரை, மாடு ஆகியன முதல்வகை. வீடு இரண்டாம்வகை என்றே நாமெல்லாம் எண்ணியிருந்தோம். பார்படோஸ் ஏழையின் வீடு மாட்டுடனும் கதிரையுடனும் சேர்த்து எண்ணப்பட்டது. அடிமைமுறை இருந்த காலத்தில் அவனுடைய பாட்டனையும் பாட்டியையும் சட்டம் சொத்தாகவே வைத்திருந்தது என்பதையும் இங்கு நினைவுகூரல் தகும்.

வறுமையிற் பிறந்த அவ்வீடு அழகற்றது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். யன்னலுக்கு மேலே சிறு தொப்பிபோன்ற மறைப்பு. அதன் விளிம்பிலே பூவேலை செய்த பலகை. ஒளி வேண்டிய அளவுக்குத் திறக்கவும் புயல் வரும்போது இறுக மூடவும் தக்க சரிவுப் பலகைக் கதவுகள். இறவாரம் வெளியே நீண்டிருந்தால் சூறாவளி அதனைப் பிடித்துக் கூரையையே பிடுங்கிவிடும் என்பதை அறிந்து, அதனைக் குறுக்கி வைத்தனர். கூரையைச் செங்குத்தாக்கியதும் அக்காற்றுக்கு அஞ்சியே. ஆயினும் 1955 ஆம் ஆண்டு செப்டெம்பர் 22 ஆந் திகதி அத்தீவைத் தாக்கிய 'ஜனெற்' என்னும் சூறாவளி ஆயிரக்கணக்கான சிறு வீடுகளைச் சிதைத்தது. 1978 ஆம் ஆண்டுக் கார்த்திகை மாதத்திலே மட்டக்களப்பில் இருந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இனி ஜமெய்க்காவுக்குச் செல்வோம். அதே பேரரசு, அதே கரும்பு, விடுதலை வந்த நாளும் அதுவே. ஆனால் அங்கே நடந்தது வேறு. ஏனெனில் அங்கே மலை உண்டு. பார்படோஸைப்போல் இருபத்தைந்து மடங்கு பெரிய அத்தீவில், கரும்புக்கு உதவாத மலைச்சரிவுகளை அடிமைகளுக்குக் கொடுத்து, 'உங்கள் உணவை நீங்களே விளைவித்துக் கொள்ளுங்கள்' என்று துரைமார் விட்டிருந்தனர். உணவுச் செலவை மிச்சப்படுத்தவே அவ்வாறு செய்தனர். ஆனால் அந்த மலைத் தோட்டங்களில் வள்ளிக்கிழங்கும் வாழையும் விளைந்தபோது, உண்டு எஞ்சியதை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்று, அம்மக்கள் செப்புக்காசும் வெள்ளிக்காசும் சேர்த்தனர். அடிமையிடம் மண்பானையிற் சிறிது காசு இருக்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. அக்காசே பின்னர் காணியாயிற்று.

விடுதலைக்குப் பிறகு ஜமெய்க்காத் துரைமார் ஒரு தந்திரம் செய்தனர். முன்னர் இலவசமாயிருந்த குடிசைக்கு வாடகை விதித்தனர். குடிசைக்கு ஒரு வாடகை என்றால் நியாயம் எனலாம்; கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, வளர்ந்த பிள்ளைகளுக்குத் தனித்தனியே ஒவ்வொன்று என்று தலைக்கணக்கில் விதித்தனர். கிழமைச் சம்பளத்தை ஒரு கையாற் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்ளும் வழி இது. அம்மக்கள் தோட்டத்தை விட்டுப் புறப்படத் தொடங்கினர். புறப்பட்டவர்க்குப் புகலிடம் வேண்டுமல்லவா? பப்ரிஸ்த சபைப் பாதிரிமார் சிலர் இதற்கு ஒரு வழி கண்டனர். சிதைந்துபோன தோட்டங்களை மொத்தமாக விலைக்கு வாங்கி, சிறு துண்டுகளாக வகுத்து, விடுதலை பெற்றோருக்கு விற்றனர். துரைமார் நேரே விற்க மறுத்த இடங்களில், வாங்குபவர் யார் என்பதை மறைத்து, வேறொருவர் மூலம் காரியத்தை முடித்தனர்.

இவ்வாறு எழுந்த முதற் கிராமம் சிலைகோவில் என்பது. தலைநகராயிருந்த ஸ்பானிஷ் ரவுண் பட்டினத்துக்கு வடக்கே, மலையின் மேலுள்ளது. ஜேம்ஸ் பிலிப்போ என்ற பாதிரியார் 1835 இலேயே, விடுதலை முழுமையாவதற்கு மூன்றாண்டு முன்னதாகவே, அங்கே 25 ஏக்கர் நிலத்தை வாங்கிவிட்டார். அதிலே முதற்றுண்டை விலைக்கு வாங்கியவன் ஹென்றி லூனன் என்பவன். தோட்டமொன்றில் அடிமைகளுக்குத் தலைவனாயிருந்தவன். நேற்றுவரை தானே பிறரால் விலைக்கு வாங்கப்படத்தக்கவனாயிருந்த ஒருவன், நிலத்தின் உறுதியிலே வாங்குபவனாகப் பெயர் பதிந்தான். சில ஆண்டுகளுக்குள் இத்தகைய கிராமங்கள் தீவெங்கும் பரவின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சிறு நிலங்களுக்கு உரியவையாயின.

அங்கே கட்டிய வீடுகள் பெரியன அல்ல. கம்புகளை நெருக்கி நாட்டி, இடையே வரிச்சு பின்னி, களிமண் அப்பி, சுண்ணாம்பு பூசினர். கூரைக்கு ஓலை அல்லது மரச்சீவல். சமையற் குசினி வீட்டுக்குப் புறம்பே தனியாக. எமது பழைய மண்வீட்டைக் கண்டவர்களுக்கு அது புதுமையாகத் தோன்றாது. ஆனால் அவ்வீட்டின் தூண்கள் மண்ணுக்குள் ஆழமாக இறங்கியிருந்தன. அதுதான் பார்படோஸ் வீட்டுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு.

இன்னொரு வழக்கமும் கேட்கத்தக்கது. பிள்ளை பிறந்ததும் அதன் தொப்புட்கொடியை வளவிலே புதைத்து, அவ்விடத்தில் ஒரு மரக்கன்றை நடுவர். தென்னையாகவோ ஈரப்பலாவாகவோ அது இருக்கும். ஈரப்பலா அத்தீவுக்கு வந்த கதையும் விசித்திரமானது. அடிமைகளுக்குச் செலவில்லாத உணவு வேண்டுமென்று துரைமார் கேட்டதன்மேல், பிளை என்னும் கப்பற்றலைவர் பசிபிக் சமுத்திரத்திலுள்ள தகித்தியிலிருந்து அக்கன்றுகளை 1793 இலே கொண்டுவந்து இறக்கினார். துரையின் சிக்கனத்துக்காக வந்த மரம், இரண்டு தலைமுறைக்குள், விடுதலை பெற்றவன் தன் வளவிலே தன் பிள்ளையின் பெயரால் நடுகின்ற மரமாயிற்று. 'உன் தொப்புட்கொடி எங்கே புதைந்திருக்கிறது?' என்று கேட்டால், 'உன் ஊர் எது?' என்பதே பொருள்.

இந்த இடத்திலே எமது இலங்கை கதைக்குள் வருகின்றது. வலிந்து இழுத்து வருகின்றோம் என்று நேயர்கள் எண்ணவேண்டாம். கூலியாட்கள் மலைக்கிராமங்களுக்குச் சென்றுவிடவே ஜமெய்க்காவின் கோப்பித் தோட்டங்கள் தளர்ந்தன. அதே காலத்தில் இலங்கையின் மலைநாட்டிலே கோப்பி தழைத்தது. ஜமெய்க்காவிலே கோப்பிச் செய்கை பயின்ற றைற்லர் என்ற துரை 1837 இலே இங்கு வந்து, மேற்கிந்திய முறையிலே கோப்பி பயிரிடக் காட்டிக்கொடுத்தார். அத்தோட்டங்களுக்கு ஆட்கள் வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து தமிழ் மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, மலையேறினர். அவர்களுக்கு லயம் கிடைத்தது. லயம் கல்லாலே கட்டப்பட்டது. பார்படோஸ் வீட்டைப்போல் வண்டியில் ஏற்ற முடியாது. ஆனால் அதன் கல்லும் மண்ணும் கூரைத் தகரமும் தோட்டத்துக்கே உரியவை. மலைநாட்டு மக்களுக்கு 7 பேர்ச் காணியும் உறுதியும் தனிவீடும் என்று 2015 இன் பின் திட்டங்கள் எழுந்து, சில குடும்பங்கள் வீடு பெற்றன. லயத்திலேயே வாழ்பவர் தொகை இன்னும் பெரிது.

படத்தைக் காட்டிய அன்று, மணியடித்து வகுப்புக் கலைந்தபின், விடுதியிலிருந்து படிக்கின்ற மாணவன் ஒருவன் மேசையருகில் வந்து நின்றான். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவன். "சேர், எங்கட லயத்துக்கு அத்திவாரம் இருக்கு. காணிதான் எங்கட இல்லை" என்று சொல்லிவிட்டு, மறுமொழியை எதிர்பாராமற் சென்றுவிட்டான். நாம் ஆசிரியராகி இருபதாண்டுக்கு மேலாகின்றது. மறுமொழி சொல்ல இயலாத இடங்கள் இன்னும் வருகின்றன.

ஜமெய்க்காவில் ஆபிரிக்கர் மலையேறினர் என்றால், திரினிடாட்டில் அவ்விடத்துக்கு இந்தியர் கொண்டுவரப்பட்டனர். 1845 தொடக்கம் 1917 வரை ஒரு இலட்சத்து நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். பெரும்பாலோர் வட இந்தியர். சென்னையிற் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் அவருட் சேர்ந்திருந்தனர். பத்தாண்டு அத்தீவிலிருந்து உழைத்தால் திரும்பிச் செல்லக் கப்பற் பயணம் இலவசம் என்பது ஒப்பந்தம். 1869 இலே தேசாதிபதி ஆதர் கோர்டன் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்: திரும்பிச் செல்லும் உரிமையை விட்டுக்கொடுப்பவர்க்குப் பத்து ஏக்கர் முடிக்குரிய நிலம். பின்னர் அது ஐந்து ஏக்கரும் ஐந்து பவுணும் என்று சுருங்கி, 1880 அளவில் நின்றது.

நேயர்கள் சற்று நிதானித்து இதை எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் பத்து ஏக்கர் நிலம். மறு பக்கம் தாய் தந்தையர் முகம், பிறந்த ஊர்க்கோயில், பேசிய மொழி. உழைத்துச் சலித்த ஒரு மனிதன், எழுத்தறியாதவன், இவ்விரண்டையும் தராசிலிட்டுப் பார்த்துப் பெருவிரலடையாளம் வைக்கின்றான். காணி வாங்கும்போது நாம் பணத்தையே விலையாகக் கொடுக்கின்றோம். அவன் தன் ஊரையே விலையாகக் கொடுத்தான். கொடுத்து வாங்கிய நிலமும் சிலபோது சதுப்பாகவோ வழியற்ற காடாகவோ இருந்தது. எனினும் பலர் நிலைத்தனர். இலவசமாகப் பெற்றோரைக் காட்டிலும் பின்னர் விலைகொடுத்து முடிக்குரிய நிலத்தை வாங்கியோரே மிகப் பலர். அங்கே நெல்லும் கரும்பும் கொக்கோவும் விளைந்தன. மண்சுவர் எழுப்பி, சாணமும் மண்ணுங் குழைத்து மெழுகி, ஓலை வேய்ந்து வாழ்ந்தனர். திரினிடாட்டின் தலைநகரையடுத்த சென் ஜேம்ஸ் என்னும் பகுதியிலே கல்கத்தா வீதி, மதராஸ் வீதி, நேபாள வீதி என்ற பெயர்கள் இன்றும் உள்ளன.

நேபாள வீதி என்றதும் ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்க்கு ஒன்று நினைவு வரும். நைப்போல் 1961 இல் வெளியிட்ட 'பிஸ்வாஸ் அவர்களுக்கு ஒரு வீடு' என்னும் நாவலின் மூலவீடு அவ்வீதியிலேயே உள்ளது. ஆசிரியரின் தந்தை, பத்திரிகை நிருபர், கடன்பட்டு வாங்கிய வீடு அது. கதையில் வரும் பிஸ்வாஸ் மனைவி வீட்டாரின் பெருங் கூட்டுக்குடும்பத்தில் ஒண்டியிருந்து, பலமுறை வீடு கட்டித் தோற்று, ஈற்றில் ஏமாற்றி விற்கப்பட்ட குறையுள்ள வீட்டை வாங்குகின்றார். படிக்கட்டுச் சரியில்லை, கதவு சரியில்லை, கடன் தீரவில்லை. கடன் தீருமுன் இறந்தும் விடுகின்றார். அவ்வீட்டை வாங்கியது மடமை என்று சிலர் எழுதியுள்ளனர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. 'எலி வளையானாலும் தனி வளை' என்று எமது பாட்டிமார் சொன்னது கடனைப் பற்றி அறியாமலன்று.

இவ்வளவு பணத்துக்கு ஏழை எங்கே போனான் என்று கேட்கலாம். எமது தாய்மாருக்கு இதன் விடை உடனே தெரிந்துவிடும்: சீட்டுப் பிடித்தான். திரினிடாட்டிலே அதற்குச் 'சூசூ' என்று பெயர்; பார்படோஸிலே 'மீற்றிங் ரேண்'; ஜமெய்க்காவிலே 'பாட்னர்'. பத்துப் பேர் கிழமைதோறும் ஒரு தொகை போடுவர்; முறைப்படி ஒருவர் முழுத்தொகையையும் எடுப்பார். எழுத்து இல்லை, பிணை இல்லை; நம்பிக்கை ஒன்றே. ஆபிரிக்காவிலிருந்து வந்த வழக்கம் அது. வீடு கட்டும் வேலைக்கும் இத்தகைய கைமாற்று இருந்தது. திரினிடாட்டில் 'கயாப்' என்பர். ஒருவன் வீட்டுக்கு ஊரார் எல்லாரும் வந்து உழைப்பர். வீட்டுக்காரன் உணவும் பானமும் கொடுப்பான். அடுத்தவன் வீட்டுக்கு இவன் போவான். 1904 தொடக்கம் 1914 வரை பனாமாக் கால்வாயை அமெரிக்கர் வெட்டியபொழுது பார்படோஸிலிருந்து பல்லாயிரவர் அங்கே கூலிவேலைக்குச் சென்றனர். மண்சரிவாலும் வெடிமருந்தாலும் காய்ச்சலாலும் மாண்டவர் பலர். மீண்டவர் கொண்டுவந்த காசினாலேயே, நொடிந்த துரைமாரின் தோட்டங்கள் சில, துண்டு துண்டாகக் கறுப்பரின் கைக்கு முதன்முறையாக வந்தன.

காணி கைக்கு வந்ததோடு தொல்லை தீர்ந்ததா? ஜமெய்க்காவின் மலைக்கிராமங்களில் 'குடும்பக் காணி' என்று ஒருவகை உண்டு. முதலில் வாங்கிய பாட்டன் அதைப் பிரிக்கவும் இல்லை, விற்கக் கூடாது என்றும் சொல்லிச் சென்றான். அவன் வழியில் வந்த ஆண், பெண் யாவர்க்கும் அதில் உரிமை உண்டு. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பிறந்த பேரப்பிள்ளைக்கும் உண்டு. மரத்திலே பழம் பறிக்கலாம். வேறு போக்கிடம் இல்லாத நாளில் வந்து ஒரு குடில் வைக்கலாம். இறந்தால் பாட்டன் பக்கத்திற் கிடக்கலாம். மரம் ஒருவருக்கும் நிலம் இன்னொருவருக்கும் உரியதாயிருப்பதும் அங்கே வழமை. நாம் தேசவழமையிலே பங்காளியின் உரிமையையும், பிறர் நிலத்தில் நட்ட மரத்தின் பலனையும் பற்றிப் படித்தவர்களாதலால் இது எமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. விற்கப்பட்டவரின் பிள்ளைகள் விற்கக் கூடாத ஒன்றைத் தமக்கென ஆக்கிக்கொண்டனர். அதன் அருமை பெரிது.

ஆனால் தீமையும் உண்டு. அதை மறைப்பது ஆசிரியனுக்கு அழகன்று. எல்லார்க்கும் உரிய காணியை ஈடு வைக்க முடியாது. வங்கி கடன் தராது. உறுதியிலே இறந்த பாட்டனின் பெயர். அவர் பெயரிலிருந்து மாற்ற வேண்டுமாயின் மூன்று கண்டங்களிலுள்ள முப்பது பேரின் கையெழுத்து வேண்டும். 1988 ஆம் ஆண்டு செப்டெம்பர் 12 ஆந் திகதி 'கில்பேட்' சூறாவளி ஜமெய்க்காவின் கூரைகளைக் கொண்டுபோனது. இத்தகைய பெரு அழிவு வரும்போது, மீளக் கட்டக் கடன் வாங்கப் போகிறவனிடம் முதலிற் கேட்கப்படுவது உறுதிதான். அங்கே அவன் நிற்கின்றான்; காணி உண்டு, எழுத்து இல்லை.

இலண்டனுக்குச் சென்றவர்களின் கதை தனியே எழுதத்தக்கது. சுருக்கமாகச் சொல்லி விடுகின்றோம். 1948 இன் பின் பிரித்தானியாவுக்குச் சென்று பேருந்திலும் புகையிரதத்திலும் வைத்தியசாலையிலும் உழைத்த ஜமெய்க்கர் பலர், முப்பது நாற்பது ஆண்டின் பின் ஓய்வூதியத்துடன் மீண்டு, மண்டெவில் என்னும் குளிர்ந்த மலைப்பட்டினத்தைச் சூழப் பெரிய வீடுகள் கட்டினர். சிலர் ஆண்டுக்கொரு அறையாகக் கட்டினர். மேல்மாடி பின்னர் கட்டலாம் என்று தட்டுக்கூரையின் மேலே இரும்புக் கம்பிகளை நீட்டி விட்டனர். கம்பி துருப்பிடித்துக் கொண்டிருக்கின்றது. பிள்ளைகள் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டனர். பூட்டிய கேற்றுக்கு அப்பால் பெரிய வீடு நிற்கும் காட்சியை எமது ஊர் ஒழுங்கைகளில் நடப்பவர்களும் அறிவர்.

மீண்டும் பார்படோஸ். 1966 இலே அத்தீவு சுதந்திரம் பெற்றபொழுதும், கல்லின்மேல் வைத்த வீடுகளிற் பெரும்பாலானவை பிறர் நிலத்திலேயே நின்றன. ரொம் அடம்ஸ் பிரதமராயிருந்தபோது, 1980 இலே, இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இதனை மாற்றியது. தோட்டத்து நிலத்தில் ஐந்தாண்டு வாடகைக் குடியாக இருந்தவர், தாம் இருக்கும் துண்டை விலைக்கு வாங்க உரிமையுடையவர். நில உடைமையாளர் மறுக்க இயலாது. விலை சதுர அடிக்குப் பத்துச் சதம். ஐயாயிரம் சதுர அடி, எமது கணக்கில் ஏறக்குறைய இரண்டு பரப்பு, ஐந்நூறு பார்படோஸ் டொலருக்கு. அந்நாட் பெறுமதியில் 250 அமெரிக்க டொலர். தலைமுறை தலைமுறையாகக் கொடுத்த வாடகையும் செய்த வேலையும் விலையின் பெரும்பகுதியைத் தீர்த்துவிட்டன என்று அச்சட்டம் கருதியது போலும். இன்று அத்தீவின் மேற்குக் கடற்கரையிலே பிறநாட்டுச் செல்வர் மாளிகைகளுக்கு இலட்சக்கணக்கான டொலர் கொடுக்கின்றனர். கடற்கரையின் மணல் மட்டும் பொதுமக்களுக்கு உரியது; அதை எவரும் வேலியிட முடியாது.

உறுதி கைக்கு வந்தபின் அம்மக்கள் வீட்டை எவ்வாறு கட்டினர் என்பதை மேசனின் மகனுக்கு நாளை சொல்லவிருக்கின்றோம், அவனே மகிழ்வான். மரவீட்டை ஒரே நாளில் இடித்துவிடவில்லை. அவ்வளவு பணம் ஏது? முதலிலே பின்புறத்தில் அத்திவாரம் வெட்டிக் குசினியையும் குளியலறையையும் சீமெந்துக் கல்லாலே கட்டினர். அடுத்த சீட்டு எடுத்ததும் அதன் முன்னே ஓர் அறை. முன்பக்கத்தில் பழைய மரவீடு, யன்னற்றொப்பியும் பூவேலைப் பலகையுமாக, கற்களின் மேலேயே நிற்கும். வீதியிலிருந்து பார்ப்பவர்க்கு மரம் தெரியும். கொல்லைப்புறத்தால் வருபவர்க்குச் சுவர் தெரியும். சுவர் மெல்ல மெல்ல முன்னேறி வரும். கடைசி அறைக்குக் காசு சேர்ந்ததும் முன்வீட்டைப் பலகை பலகையாகக் கழற்றி, வேண்டியவர்க்கு விற்பர். வாங்கியவர் அதை வண்டியில் ஏற்றிச் செல்வர். அடியிலிருந்த கற்களைப் பெரும்பாலும் எவரும் எடுப்பதில்லை. புதிய அத்திவாரத்துக்குள் அவை போய்விடும்.